ஊரறிந்த ஒற்றன்

ஒற்றன் என்பான் யாவன்? பிறர் கண்ணிற் படாதவன். கண்ணிற் பட்டாலும் கருத்திற் படாதவன். கருத்திற் பட்டாலும் ஐயத்திற் படாதவன். அவன் வெற்றிக்கு விழா இல்லை. அவன் சாவுக்குப் பறை இல்லை. அவன் பெற்ற பிள்ளைக்கும் அவன் தொழில் தெரியாது. அத்தகையவனை அகன்ற வெண்டிரையில், செவி அதிரும் இசையோடு, ஆயிரவர் சீழ்க்கையடிக்கக் கொண்டுவந்து நிறுத்துகிறது இக்காலத் திரைக்கலை. மறைந்து வாழ்தலையே தொழிலாகக் கொண்டவன் ஊரறியத் தோன்றுகிறான். ஊரும் அவன் பெயரைக் கூவி வரவேற்கிறது. இம்முரணைச் சற்றே நின்று எண்ணிப் பார்ப்பது தமிழர்க்கு நன்று.

2022ஆம் ஆண்டு (தி.ஆ. 2053) சூன் 3ஆம் நாள் தமிழகத் திரையரங்குகளில் ‘விக்கிரம்’ வெளிவந்தது. இதே பெயரில், இதே கமலகாசன் ஒற்றனாக நடித்து, இதே நிறுவனத்தார் எடுத்த படம் ஒன்று 1986-இல் வந்திருந்தது. அதனை இயக்கியவர் இராசசேகர்; கதை சுசாதா. ‘அக்கினிபுத்திரன்’ என்னும் ஏவுகணை களவு போகிறது. அதனை மீட்கும் பொருட்டு ஒற்றன் சலாமியா என்னும் புனைவு நாட்டுக்குப் போகிறான். அப்படம் வந்து மூன்றாண்டு கழித்து, 1989 மே 22-இல், இந்திய அரசு அக்கினி என்னும் பெயரிலேயே உண்மை ஏவுகணையைச் செலுத்தி ஆய்ந்தது. புனைவு முந்திக்கொண்டது, உண்மை பின்வந்தது.

முதற்படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் இடையே முப்பத்தாறாண்டு. பழைய கதை அப்படியே தொடரவில்லை. பெயரும், ஒற்றன் என்னும் நிலையும், இளையராசாவின் பழைய பாட்டும் மட்டுமே தொடர்ந்தன. ஆயினும் அன்று பள்ளிச் சிறுவனாய் முதற்படத்தைப் பார்த்தவர், இன்று ஐம்பதகவை கடந்து, தம் மகனைக் கைப்பிடித்து அழைத்துவந்தார். தந்தைக்கு அது தம் இளமையின் மீட்சி. மகனுக்கு அது லோகேசு கனகராசு இயக்கிய புதுப்படம். இருவரும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே நொடியில் கைதட்டினர். ஈரகவையாரை ஒருங்கே கைதட்ட வைக்கும் ஆற்றல் எளிதன்று. அவ்வாற்றல் எதன்பொருட்டுச் செலவாயிற்று என்பதே வினா.

ஒற்றர் படங்கள் தமிழர்க்குப் புதியனவல்ல. இரண்டாம் உலகப்போரில் ஆங்கிலேயக் கடற்படையின் உளவுப் பிரிவில் பணிசெய்த இயான் பிளெமிங்கு படைத்த சேம்சு பாண்டு, 1962-இல் முதன்முதல் திரையேறினான். மறுவாண்டே அவனுக்கு இரண்டாம் படம் வந்துவிட்டது. அந்த அலை சேலத்தையும் எட்டியது. மாடர்ன் தியேட்டர்சார் 1966-இல் ‘வல்லவன் ஒருவன்’ எடுத்தனர், 1970-இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ எடுத்தனர். இரண்டிலும் நடித்த செய்சங்கர் தென்னகத்துச் சேம்சு பாண்டு என்றே அழைக்கப்பெற்றார். இங்ஙனம், தமிழ்த்திரையில் ஒற்றன் தோன்றியபோதே பிறன் சட்டையை உடுத்திக்கொண்டே தோன்றினான்.

ஆனால் ஒற்று என்பது தமிழர்க்கு மேலைநாட்டார் கற்றுக்கொடுத்த தொழிலா? அன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சித்திணையின் துறைகளை அடுக்குங்கால், பகைப்புலத்தை ஒற்றி அறிதலை ‘வேய்’ என ஒரு துறையாகவே வைத்தது. இன்று வழங்கும் வேவு என்னும் சொல்லை அதனோடு ஒப்பிட்டுக் காண்க. சிலப்பதிகாரக் காட்சிக் காதையில் வடநாட்டுச் செலவு குறித்துச் செங்குட்டுவன் சூழ்கிறான். வடவரசர்க்கு முத்திரையிட்ட ஓலை விடுக என்கிறான் ஓர் அமைச்சன். ஓலை வேண்டா, பிற வேந்தர்தம் ஒற்றர் வஞ்சியின் வாயிலை விட்டு நீங்குவதே இல்லை, இங்கே பறையறைந்தால் போதும், அங்கே தானே செவிப்படும் என்கிறான் அழும்பில்வேள். பகைவன் ஒற்றரையே தன் ஓலைக்காரராக்கும் இச்சூழ்ச்சியை நினைத்து வியவாதார் யார்? இதற்கு ஈடான ஒரு காட்சியை எந்தப் பாண்டு படத்தில் காட்டுவர்?

திருவள்ளுவர் இத்தொழிலுக்கு ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தார். அது பொருட்பாலில் அமைந்தது; நூல் முழுமைக்கும் 59ஆவது. அதன் பத்துக் குறளும் சொல்வனவற்றைத் தொகுத்து நோக்கின், ஒற்றனுக்குரிய முழு இலக்கணமும் கிடைக்கும். ஒற்றும் நூலும் அரசனுக்கு இரு கண். ஒற்றன் ஐயுறவுக்கு இடந்தராத உருவினனாய், யார் முன்னும் அஞ்சாதவனாய், எந்நிலையிலும் உள்ளத்ததை உமிழாதவனாய் இருத்தல் வேண்டும். துறந்தார் கோலம் பூண்டும் புகுதல் வேண்டும். பிடித்துத் துன்புறுத்தினும் தளர்தலாகாது. அவன் பகைவரை மட்டுமன்று, அரசனுக்கு வினைசெய்வாரையும் அரசன் சுற்றத்தாரையும்கூட ஆராய்வான். அதிகாரத்தின் கடைசி மூன்று குறள்களோ இன்றைய அரசுகளும் படிக்கத்தக்கவை. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஒற்றிப் பார்த்தே கொள்க. ஒருவனை ஒருவன் அறியாதபடி மூவரை ஆள்க. மூவர் சொல்லும் ஒத்தால்தான் தெளிக. ஒற்றனுக்குப் பிறரறியச் சிறப்புச் செய்யற்க. செய்தால் மறையெல்லாம் வெளியாகிவிடும்.

இவ்வளவைக் கொண்டு ‘விக்கிரம்’ படத்தை அளந்தால், அதன் முற்பாதி வியப்புறத் தேறுகிறது. முகமூடி அணிந்தோர் சிலர் காவல் அலுவலரைக் கொல்கின்றனர். கருணன் என்னும் எளிய மனிதனும் அவர்களால் கொலையுண்டதாகத் தெரிகிறது. அமர் என்னும் மறைபணிப் படைத்தலைவன் (பகத்து பாசில்) ஆராய வருகிறான். அவன் காதலிக்கும் பெண்ணுக்கும் அவன் தொழில் தெரியாது. கருணனை அறிந்தாரையெல்லாம் அவன் உசாவுகிறான். குடியன் என்கிறார் ஒருவர். தன் பேரப்பிள்ளைக்காகவே உயிர்வாழ்ந்தவர் என்கிறார் மற்றொருவர். ஒருவர் சொல் ஒருவர் சொல்லோடு ஒவ்வவில்லை. ஒவ்வாத அவ்விடத்தைப் பற்றிக்கொண்டே அமர் மேற்செல்கிறான். கருணன் என்பது ஒரு கோலமே என்றும், உள்ளிருந்தவன் விக்கிரம் என்றும் காண்கிறான். பல வாயால் கேட்டு ஒத்துப்பார்த்துத் தெளியும் வள்ளுவர் முறையன்றோ இது! இயக்குநர் அதனை எண்ணிச் செய்தாரோ, எண்ணாமற் செய்தாரோ, செய்தது நன்று.

அதனினும் நன்று, அவ்வீட்டு வேலைக்காரப் பெண்ணின் கதை. அவள் படம் முழுதும் அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையே நடமாடுகிறாள். பிள்ளைக்குப் பால் காய்ச்சுகிறாள். எவரும் அவளை ஏறிட்டும் பார்ப்பதில்லை. கொலைஞர் வீடு புகுந்த நாளில், அவளும் பழைய ஒற்றர் படையைச் சேர்ந்தவள் என்பது வெளிப்படுகிறது. கையிற் கிடைத்த வீட்டுக் கருவிகளைக் கொண்டே பொருது, பிள்ளையைக் காத்து, அவள் உயிர்விடுகிறாள். ஐயுறவுக்கு இடந்தராத உருவு என்று வள்ளுவர் சொன்னதற்கு இதனினும் சிறந்த காட்டு தமிழ்த்திரையில் வந்ததுண்டோ? அப்பெண்ணாக நடித்த வசந்தியும் நெடுங்காலம் திரைப்பட ஆடற்குழுக்களில் பெயர் தெரியாமல் ஆடியவரே. பின்வரிசையில் நின்றவர் முன்வரிசைக்கு வந்த அந்த நொடியில் அரங்கில் எழுந்த கைதட்டல் தகுதியானது.

ஆனால் அவள் பெயர் யாது? தீனா. படை முழுதும் அவளை எவ்வாறு அழைக்கிறது? ‘ஏசெண்டு தீனா’ என்று. ஒற்றன், ஒற்று, வேய், வேவு என ஈராயிரம் ஆண்டாக இத்தொழிலுக்குச் சொல் வைத்திருக்கும் மொழியில், ஒற்றன் மட்டும் ஏசெண்டு ஆகிறான். மறைபணி ‘பிளாக் ஆப்சு’ ஆகிறது. உருத்தெரியாதவன் ‘கோசுட்டு’ ஆகிறான். வந்திருந்த முன்னோட்டத்தில், விருந்தினர் முன் நாயகன் சொன்ன ‘ஆரம்பிக்கலாங்களா’ என்பதை நாடே திரும்பச் சொல்லிற்று. தொடங்கலாங்களா என்று சொல்லியிருந்தால் அதன் மிடுக்கில் என்ன குறைந்திருக்கும்? ஒலியளவும் ஏறத்தாழ ஒன்றே. ஊர்ப்பேச்சின் பணிவும் குத்தலும் ஒன்றே. ஒரு சொல் ஒரு தலைமுறையின் வாயில் ஏறும் வாய்ப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. அவ்வாய்ப்பு வந்தபோது தமிழ்ச்சொல் வாயிலில் நிறுத்தப்பட்டு, அயற்சொல் உள்ளே அழைக்கப்பட்டது. இதில் பகை நோக்கம் ஏதும் இல்லை, நினைப்பின்மையே உண்டு. நினைப்பின்மையால் விளையும் இழப்பு பகையால் விளையும் இழப்பினும் சிறிதன்று.

தமிழிலக்கணத்தில் மெய்யெழுத்துக்கும் ஒற்று என்றே பெயர். அது சொல்லின் முதலில் நில்லாது. தலையில் ஒரு புள்ளியோடு இடையிலும் கடையிலும் அடங்கி நிற்கும். ஆயினும் அது மிகுதலும் மிகாமையும் பொருளையே மாற்றிவிடும். ‘வேலை கொடு’ என்றால் பணி கேட்பது. ‘வேலைக் கொடு’ என்றால் படைக்கலம் கேட்பது. அடங்கி நின்று பொருளை மாற்றுவதே எழுத்து ஒற்றின் இயல்பு; ஆள் ஒற்றின் இயல்பும் அதுவே. சொல்லின் முதலில் ஒற்றை நிறுத்தினால் சொல் கெடும். படத்தின் பிற்பாதியில் நேர்வது அதுவே.

இடைவேளைக்குப் பின் விக்கிரம் மறைவை விட்டு வெளிவருகிறான். அதன்பின் ஒற்று இல்லை; வேட்டே உண்டு. மயக்கப்பொருள் விற்கும் கூட்டத்தார் சாகின்றனர். அவர்க்குத் துணைபோன அலுவலர் சாகின்றனர். எவர்க்கும் உசாவல் இல்லை, வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. கொல்வோரும் அரசினால் ஒருகால் ஏவப்பட்டுப் பின்னர்க் கைவிடப்பட்டோரே. அவர் பிழைபட்டால் தடுப்பார் யார்? பிழைபட்டதென அறிவார்தாம் யார்? படம் இவ்வினாவை எழுப்புவதே இல்லை. ஏனெனில் திரையில் ஒற்றன் ஒருபோதும் ஆள்மாறிக் கொல்வதில்லை. கொலையுண்டோர் தீயோர் என்பதைப் பார்ப்போர் முன்னரே கண்டுவிட்டனர். இருட்டில் அமர்ந்திருப்போர்க்கு எல்லாம் தெரியும். அரங்குக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில், எவர்க்கும் அவ்வாறு தெரிவதில்லை.

தெரியாமையால் என்ன நேரும் என்பதற்குப் புறநானூற்றின் 47ஆம் பாட்டு வரலாறு சான்று. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர்க்குள் வந்தான் இளந்தத்தன் என்னும் புலவன். அவனை ஒற்றன் என்று கருதிக் கொல்லப் புகுந்தான் நெடுங்கிள்ளி. கோவூர் கிழார் இடைப்புகுந்து, பரிசிலர் வாழ்க்கை எவர்க்கும் தீங்கு செய்யாத வாழ்க்கை என எடுத்துரைத்து, அவ்வுயிரை மீட்டார். அரசனிடத்தில் ஐயம் இருந்தது, வாள் இருந்தது, சினமும் இருந்தது. இல்லாதிருந்தது உசாவல் ஒன்றே. அதனைக் கொணர்ந்தது ஒரு புலவரின் நா. ‘விக்கிரம்’ படத்தின் பிற்பாதியில் இத்தனை ஒற்றரும் இத்தனை படைக்கலமும் உண்டு. ஒரு கோவூர் கிழார் இல்லை. அரங்கிலும் அவரைத் தேடுவார் இல்லை.

தமிழகம் இதனை மறக்கலாகாது. 2020 சூன் திங்களில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்தனர் என்று காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும், அங்கே அடிபட்டு அடுத்தடுத்து இறந்தனர். நாடு கொதித்தது. சட்டத்துக்குப் புறம்பான கை எத்தகையது என்பதை அன்று எல்லாரும் கண்டனர். இரண்டே ஆண்டு கழித்து, அதே சூன் திங்களில், சட்டத்துக்குப் புறம்பான கைக்கு அதே நாடு திரையரங்கில் கைதட்டியது. திரை வேறு, நிலம் வேறு என்பர். வேறுதான். ஆயினும் கைதட்டும் கை ஒன்றே. மோதலில் இறந்தான் என்று ஒரு செய்தி வரும்போது உசாவாமலே ஒப்புக்கொள்ளும் உள்ளம் எங்கே பழக்கப்படுகிறது என்பதை எண்ணுக. இத்தகைய ஒவ்வொரு சாவிலும் தனித்த புலனாய்வு வேண்டும் என உச்ச நயன்மன்றம் 2014-இல் பதினாறு நெறிமுறைகள் வகுத்தது. அந்நெறிமுறைகள் தாளில் உள்ளன. கைதட்டலோ செவியில் உள்ளது.

ஒற்றரைக் கொண்டாடும் மேலைநாடுகளும் இதனைப் பட்டறிந்தே திருந்தின. பிறநாட்டுத் தலைவரைக் கொல்ல அமெரிக்க ஒற்றர் நிறுவனம் செய்த சூழ்ச்சிகளை 1975-இல் அந்நாட்டு மேலவைக் குழு ஒன்று வெளிக்கொணர்ந்தது. மறுவாண்டே அரசியற் கொலையைத் தடைசெய்து அந்நாட்டுத் தலைவர் ஆணையிட்டார். ஒற்றரை ஆராய மேலவையில் நிலைக்குழுவும் அமைந்தது. பாண்டு முப்பதாண்டுக்கு மேலாகத் திரையில் திரிந்த பின்னர், 1994-இல்தான் ஆங்கிலேயர் தம் அயல்நாட்டு ஒற்றர் நிறுவனத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தனர். அதனை மேற்பார்க்கும் குழுவையும் அதே சட்டத்தால் அமைத்தனர். இந்தியாவிலோ 1968-இல் தோன்றிய அயலக ஒற்றர் நிறுவனத்துக்கு இன்றளவும் தனிச்சட்டம் இல்லை. அதனைப் பாராளுமன்றக் குழு எதுவும் மேற்பார்ப்பதில்லை. 2011-இல் உறுப்பினர் ஒருவர் தனிமுறையில் கொண்டுவந்த முன்வரைவும் சட்டமாகவில்லை. ஒற்றனையும் ஒற்றிப் பார் என்று வள்ளுவர் வகுத்த நெறியை அயலார் தம் வழியில் கண்டு சட்டமாக்கினர். வள்ளுவர் பிறந்த மண் அதனைத் தேர்வுக்கு மட்டும் உருப்போட்டு வைத்திருக்கிறது.

படத்தின் இறுதியில் இன்னொன்றும் நிகழ்ந்தது. மயக்கப்பொருட் கூட்டத்தின் தலைவனாக நடிகர் சூரியா சில நிமையமே தோன்றினார். தோன்றியதும் குருதி சிந்தினார். அப்போது எழுந்த ஆரவாரம் படம் முழுதும் எழுந்த ஆரவாரத்தினும் பெரிது. ‘ரோலக்சு’ என்னும் அக்கொடியோன் பெயரை மறுநாள் பள்ளிச் சிறுவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டனர். அதுவரை மூன்று மணிநேரம் மயக்கப்பொருளுக்கு எதிராகப் போர் செய்த படம், முடிவில் அதனை விற்பவனுக்கே மாலையிட்டு மக்களை வீட்டுக்கு அனுப்பிற்று. நடிகர்மீது குற்றம் இல்லை, நன்றாகவே நடித்தார். மறத்துக்கும் கொடுமைக்கும் ஒரே இசையை முழக்கிப் பழக்கினால், கேட்போர்க்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். குற்றம் அங்கேதான்.

இப்படத்தின் உள்ளேயே இதற்கொரு மறுப்பும் இருக்கிறது. விக்கிரமின் பேரப்பிள்ளை நெஞ்சாங்குலை நோயோடு பிறந்தது. உரத்த ஓசை கேட்டால் அதன் உயிருக்கே இடர். ஆகவே அவ்வீடு ஓசையடங்கிய வீடு. கதவை மெல்லச் சாத்துகின்றனர். அடிபெயர்த்து மெல்ல நடக்கின்றனர். பாட்டன் நடத்தும் போர் அனைத்தும் அப்பிள்ளை அமைதியாக உறங்குவதற்கே என்று படம் சொல்கிறது. அக்காட்சி ஓடிய அதே நேரத்தில், அரங்குகளில் தாயர் சிலர் கைக்குழந்தையின் செவியைத் தம் முந்தானையால் பொத்திக்கொண்டு அமர்ந்திருந்தனர். திரையிலிருந்த பிள்ளைக்குக் கிடைத்த அமைதி, மடியிலிருந்த பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. இந்த ஒரு காட்சியை இயக்குநரும் பெற்றோரும் நினைந்தால் போதும். வேறு அறவுரை வேண்டா. பெற்றோர் வழிகாட்டலுடன் பார்க்கத்தக்க படங்களை 7, 13, 16 என மூன்று அகவைப் படிகளாக வகுக்கச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டது. சட்டம் படி வகுக்கும். படியில் நின்று காப்பவர் பெற்றோரே.

ஆதலின் இப்படம் விலக்கத்தக்கதன்று, தெரிந்து பார்க்கத்தக்கது. முற்பாதியின் உசாவலையும், வேலைக்காரக் கோலத்திலிருந்த பெண்ணின் உறுதியையும், பிள்ளையின் பொருட்டு அடங்கிய வீட்டையும் கொள்க, மற்றதைத் தள்ளுக. ஒற்றர் படம் பார்த்து வந்த மாணவரிடத்தில், தமிழாசிரியர் சினந்து பேசற்க. மறுநாள் ஒற்றாடல் அதிகாரத்தை விரித்துவைத்து, இவருள் எவன் உண்மை ஒற்றன் என்று கேட்க. மாணவரே விடை காண்பர். இனி ஒற்றர் படம் எடுப்போர், தம் ஒற்றனை ஒற்றன் என்றே அழைக்கட்டும். அவன்மேல் இன்னோர் ஒற்றையும் வைக்கட்டும். கொல்லப் புகுமுன் கேள் என்று சொல்லும் ஒரு குரலையும் கதைக்குள் வைக்கட்டும். அப்போது ஈட்டம் குறையாது, கதை வலுக்கும்.

வெளிப்பட்ட ஒற்றனுக்கு வேலையில்லை என்றது பழந்தமிழ். வெளிப்பட்ட ஒற்றனுக்கே வேலை என்கிறது புதுத்திரை. இரண்டனுள் எது ஆளத்தக்கது என்பதைச் சீழ்க்கையடிக்குமுன் ஒருகணம் நினைக்கும் இளைஞன் ஒருவன் ஓர் அரங்கில் அமர்ந்திருந்தாலும், கோவூர் கிழார் அங்கே அமர்ந்திருப்பதாகவே கொள்க.